கொரிய மொழியில் மரியாதை எங்கே சறுக்கியது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வோம்

கொரிய மொழியில் உச்சரிப்பு தவறினால் எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். மரியாதை தவறினால் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. முகம் ஒரு நொடி இறுகும், பேச்சு சீக்கிரம் முடியும். அடுத்த முறை அவர் உங்களை விட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் போவார். என்ன தப்பு செய்தோம் என்று நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் வெளியே தெரிகிற அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கித்தான் தேட வேண்டும்.

தென் கொரியாவின் உல்சான் நகரில் ஒரு உதிரிபாக நிறுவன அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்களோடு வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறைய. அவர்களில் சிலருக்கு இப்போது மொழி சொல்லித் தருகிறேன். நான் செய்த அதே தப்புகளைத்தான் அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். குறில் ‘ஒ’ வரும் இடத்தில் வாயைச் சற்று அகலத் திறந்தும், நெடில் ‘ஓ’ வரும் இடத்தில் உதட்டைக் குவித்தும் சொல்லுங்கள். சொல்லித் தருபவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தேடத் தொடங்கும் முன்: இரண்டு சுவிட்ச்

கொரிய வினைச்சொல்லில் மரியாதைக்கு இரண்டு தனித்தனி சுவிட்சுகள் உண்டு. ஒன்று கேட்பவருக்கு. அது வினையின் கடைசியில் இருக்கும்: ‘யோ’ அல்லது ‘ம்னிதா’. இன்னொன்று, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு. அது வினையின் நடுவில் நுழையும் ‘ஷி’. அடுத்த ஒலியோடு ஒட்டும்போது இதுவே ‘ஷ்யொ’ ஆகும், ‘சே’ ஆகும். ‘காசேயோ’ (போகிறீர்கள்) என்பதில் வரும் ‘சே’யும் மாறுவேடம் போட்ட ‘ஷி’தான்.

இது நமக்குப் புதிதில்லை. கோயம்புத்தூர்க்காரர் “தம்பி வந்தானுங்க” என்கிறார். வந்த தம்பிக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் “சார் வந்துட்டார்டா” என்று கத்துகிறான். வந்தவருக்கு மரியாதை உண்டு, கேட்பவனுக்கு ‘டா’. கொரிய மொழியிலும் இதேதான். மேலாளரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னால் “தோங்செங்இ வாஸ்ஸொயோ”. நண்பனிடம் மேலாளரைப் பற்றிச் சொன்னால் “புஜாங்நிம் ஓஷ்யொஸ்ஸொ”. புஜாங் என்றால் துறை மேலாளர், ‘நிம்’ பதவியோடு ஒட்டும் மரியாதைச் சொல்.

கீழே எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: எந்த சுவிட்ச் தவறு? விடை கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அழைக்கும் சொல்லில் இருக்கிறது.

அறிகுறி: ‘நீங்கள்’ என்று சொன்னதும் முகம் மாறியது

கோளாறு: ‘தாங்ஷின்’.

அகராதியைத் திறந்தால் ‘நீங்கள்’ என்பதற்கு நேராக இந்தச் சொல் நிற்கும். நான் போன இரண்டாவது வாரத்தில் எங்கள் புஜாங்நிம்மிடம் ரொம்பப் பணிவாக, இரண்டு சுவிட்சையும் போட்டு, ‘தாங்ஷின்’ என்று ஆரம்பித்தேன். அறையில் சத்தமே இல்லை. கணவன் மனைவி தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல் அது. விளம்பரத்திலும் பாட்டிலும் முகம் தெரியாத ஒருவரை நோக்கி வரும். மூன்றாவது இடம்தான் ஆபத்து: தெருச் சண்டை. “யாருய்யா நீ?” என்று கையை நீட்டும்போது வருவதும் இதே சொல்தான். மேலாளரைப் பார்த்துச் சொன்னால் அவர் காதில் விழுவது இந்த மூன்றாவது.

‘நொ’ என்றால் ‘நீ’. அதைப் பெரியவர்களிடம் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மேல் நிலையில், யாரிடமும் துணிந்து சொல்லக்கூடிய ஒரு ‘நீங்கள்’ கொரிய மொழியில் கிடையாது. நம் ஆட்களால் நம்ப முடியாத விஷயம் இது. தேடித் தேடிக் கடைசியில் தாங்ஷினில் வந்து விழுகிறோம்.

சரிசெய்ய இரண்டு வழி. பதவி தெரிந்தால் பதவியையே ‘நீங்கள்’ ஆக்குங்கள். “இகொ புஜாங்நிம் கொயேயோ?” என்றால் சொல்லுக்குச் சொல் ‘இது மேலாளருடையதா?’, பொருள் ‘இது உங்களுடையதா?’ நாமும் “சாருக்கு என்ன வேணும்?” என்று சாரிடமே கேட்கிறோமே, அதுதான். பதவி தெரியாவிட்டால் எழுவாயை விட்டுவிடுங்கள். “ஒதி காசேயோ?” என்றால் போதும், எங்கே போகிறீர்கள் என்று புரிந்துவிடும்.

நீயா நீங்களா என்று தெரியாத ஒருவரிடம் நாம் “சாப்பிட்டாச்சா?” என்று நழுவுவோம் இல்லையா? கொரியர்கள் நாள் முழுக்க அப்படி நழுவிக்கொண்டே இருப்பார்கள்.

அறிகுறி: ‘யோ’ போட்டேன், ஆனாலும் ஏதோ குறைகிறது

கோளாறு: ஒரு சுவிட்ச் மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

“புஜாங்நிம், ஒன்ஜே வாஸ்ஸொயோ?” அதாவது, எப்போது வந்தீர்கள்? இலக்கணப்படி பிழை இல்லை. கேட்பவருக்கு ‘யோ’ இருக்கிறது. ஆனால் வந்தவரும் அவரே. முன்னால் நிற்பவரைப் பற்றி அவரிடமே பேசும்போது இரண்டு சுவிட்சும் விழ வேண்டும்: “ஒன்ஜே ஓஷ்யொஸ்ஸொயோ?” தமிழில் ‘வந்தீங்க’ என்ற ஒரே விகுதி இரண்டு வேலையையும் முடித்துவிடுவதால் நமக்கு இங்கே பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. என் மாணவர்களில் பாதிப் பேர் மாதக்கணக்கில் நிற்கும் இடம் இது.

சோதிக்க எளிய வழி உண்டு. வாக்கியத்தில் அந்தச் செயலைச் செய்தது யார் என்று கேளுங்கள். எதிரே இருக்கும் பெரியவரா? ‘ஷி’ போடுங்கள். நானா? போடவே கூடாது.

அறிகுறி: பணிவாகப் பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள்

கோளாறு: மரியாதை உங்கள் மேலேயே விழுந்துவிட்டது.

‘ஷி’ போட்டுப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் காய்ச்சல் இது. “நான் வந்தருளினேன்” என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? தன்னைப் பற்றிப் பேசும்போது ‘ஷி’யை எடுத்துவிட்டுத் தாழ்மைச் சொல்லைப் போட வேண்டும். ‘நா’ (நான்) என்பது ‘ஜொ’ ஆகும், ‘நேகா’ என்பது ‘ஜேகா’ ஆகும், எங்கள் என்ற பொருளில் வரும் ‘உரி’ என்பது ‘ஜொஹி’ ஆகும். பெரியவருக்கு நான் கொடுப்பது ‘ஜுதா’ இல்லை, ‘துரிதா’. ‘ஜொஹி’யில் மட்டும் ஒரு பள்ளம்: நாட்டைச் சொல்லும்போது ‘உரி நாரா’தான். தன் நாட்டைத் தாழ்த்தி ‘ஜொஹி நாரா’ என்று சொல்லக் கூடாது என்பது கொரியர்களுக்கே சொல்லித்தரப்படும் திருத்தம்.

பெயருக்குப் பின்னால் வரும் ‘ஷ்ஷி’யும் அப்படியே. அது பிறர் உங்களுக்குச் சேர்ப்பது. “நான் குமார் ஷ்ஷி” என்று அறிமுகம் செய்துகொண்டால் “நான் குமார் அவர்கள்” என்றது போல் இருக்கும்.

இதே கோளாறின் இன்னொரு வடிவம் காபிக் கடையில் கிடைக்கும். பணம் வாங்குபவர் “கொபி நாஓஷ்யொஸ்ஸும்னிதா” என்பார். காபி வந்தருளியது! வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் பொருளுக்கும் ‘ஷி’ சேர்த்துவிடுகிறார்கள். தேசிய கொரிய மொழி நிறுவனம் இதைப் பிழை என்றே சொல்கிறது. “நாவாஸ்ஸும்னிதா” போதும். கல்லாவில் கேட்டதைக் காப்பி அடிக்காதீர்கள்.

அறிகுறி: “மேலாளர் இருக்கிறாரா?” என்று கேட்கத் தெரிகிறது, “நேரம் இருக்கிறதா?” என்பதில் உதைக்கிறது

கோளாறு: ‘இருக்கிறது’ என்பதற்கு மரியாதை வடிவம் இரண்டு. ஆள் ஓரிடத்தில் இருந்தால் ‘கேசேயோ’. ஆளிடம் ஏதாவது இருந்தால் ‘இஸ்ஸுசேயோ’. “புஜாங்நிம் கேசேயோ?” அவர் இருக்கிறாரா. “புஜாங்நிம், ஷிகான் இஸ்ஸுசேயோ?” உங்களுக்கு நேரம் இருக்கிறதா.

தமிழன் ஏன் இங்கே தடுமாறுகிறான் என்று பாருங்கள். நாம் “அவர் இருக்கிறார்”, “அவருக்கு நேரம் இருக்கிறது” என்போம். நேரத்துக்கு மரியாதை கொடுப்பதில்லை. கொரிய மொழியில் பெரியவரின் நேரம், உடம்பு, மனசு, உடைமை ஆகியவற்றின் வழியாகவும் மரியாதை அவரைப் போய்ச் சேரும். “உங்கள் டை அழகாக இருக்கிறது” என்பதிலும் ‘ஷி’ வரலாம். அப்படியானால் காபிக்கு ஏன் கூடாது? காபி கடையில் விற்கும் சரக்கு. டை அவர் கழுத்தில் கிடக்கிறது.

விடைபெறும்போதும் இந்தக் ‘கேசேயோ’ வரும். இருப்பவரிடம் “அன்னியொங்ஹி கேசேயோ”, போகிறவரிடம் “அன்னியொங்ஹி காசேயோ”. யார் இருக்கிறார், யார் போகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் திரும்பிப் பார்த்த விதமே சரியில்லை

கோளாறு: ‘ஷ்ஷி’யை ‘சார்’ என்று நினைத்துவிட்டீர்கள்.

பாடப் புத்தகங்கள் செய்யும் துரோகம் இது. ‘ஷ்ஷி’ சமமானவருக்கும் கீழே உள்ளவருக்கும்தான். முழுப் பெயரோடோ, இடுபெயரோடோ வரும். குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்து ‘கிம் ஷ்ஷி’ என்றால், மரியாதை போய் “ஏப்பா கிம்” என்ற தொனி வந்துவிடும். மேலதிகாரிக்குப் பெயரே வேண்டாம். பதவியோடு ‘நிம்’: தேரிநிம் (உதவி மேலாளர்), குவாஜாங்நிம் (பிரிவு மேலாளர்), புஜாங்நிம், சாஜாங்நிம் (நிறுவனத் தலைவர்). ஐந்தில் ஒருவருக்கு மேல் ‘கிம்’ என்று குடும்பப் பெயர் உள்ள நாட்டில் ஒரே மாடியில் இரண்டு கிம் குவாஜாங்நிம் இருப்பது சாதாரணம். அப்போது முழுப் பெயரையும் பதவியையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆசிரியர் என்று பொருள்படும் ‘சொன்செங்நிம்’, பதவி தெரியாத பெரியவர்களுக்கும் பல இடங்களில் கைகொடுக்கும்.

எல்லா அலுவலகமும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். சீஜே குழுமம் 2000லேயே பதவியை விட்டுவிட்டுப் பெயரோடு ‘நிம்’ சேர்த்துக் கூப்பிடத் தொடங்கியது. ககாவோ என்ற இணைய நிறுவனத்தில் ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. புது இடத்துக்குப் போனால் முதல் நாள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள்.

நம் பெயரிலும் ஒரு வம்பு உண்டு. கொரியாவில் குடும்பப் பெயர்தான் முதலில். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நம்மில் பலருக்கு இருப்பது அப்பா பெயர். ஒரு மாதம் முழுக்க அந்த அலுவலகமே என்னை என் அப்பா பெயரோடு ஷ்ஷி சேர்த்துக் கூப்பிட்டது. ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. “என்னை இந்தப் பெயரால் கூப்பிடுங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: ‘ஓப்பா’ என்றேன், அறையே சிரித்தது

நீங்கள் ஆண் என்றால் காரணம் உடனே தெரிந்துவிடும். ‘ஓப்பா’ பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். ஆண் தன் அண்ணனை ‘ஹியொங்’ என்பான். அக்காவைப் பெண் ‘ஒன்னி’ என்பாள், ஆண் ‘நூனா’ என்பான். நமக்கு அண்ணா என்றால் யாருக்கும் அண்ணாதான். கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்ற கணக்கு கிடையாது. தொடர்களைப் பார்த்துக் கற்றவர்களுக்கு இந்தக் கோளாறு அதிகம், ஏனென்றால் அங்கே காதில் விழுவதெல்லாம் ஓப்பா.

நீங்கள் பெண் என்றால் வேறு எச்சரிக்கை. பஸ் கண்டக்டரைக்கூட நாம் அண்ணா என்று கூப்பிடலாம். ஓப்பா அவ்வளவு தாராளமாகப் போகாது. நெருக்கம் இல்லாத ஆணிடம் சொன்னால் குழைவது போலவும் கேட்கலாம். அலுவலகத்தில் பதவி, கல்லூரியில் ‘சொன்பே’ (முன்னே சேர்ந்தவர்) என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை ‘இமோநிம்’ என்று சித்தி முறை வைத்துக் கூப்பிடுவோர் உண்டு. நடுவயதுப் பெண்ணைக் குறிக்கும் ‘அஜும்மா’ என்றால் சிலருக்கு முகம் சுருங்கும். எதுவும் தோன்றாவிட்டால் “ஜொகியோ!” நம் “ஏங்க!” மாதிரி. யாருக்கும் வலிக்காது.

அறிகுறி: சொல், விகுதி எல்லாம் சரி, ஆனாலும் எதிர்த்துப் பேசினதாக நினைத்துக்கொண்டார்

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. இரண்டு சுவிட்சும் சரி, அழைத்த பெயரும் சரி. தவறு, தேர்ந்தெடுத்த சொல்லின் தொனியில் இருக்கிறது.

மேலாளர் கூப்பிட்டதும் “வேயோ?” என்று திரும்பினால் ‘யோ’ இருந்தும் “ஏன், என்ன?” என்று முறைப்பது போல் கேட்கும். “நே (சொல்லுங்கள்), புஜாங்நிம்” என்று திரும்புங்கள். வேலை சொன்னதும் “ஆராஸ்ஸொயோ” என்றால் “சரி சரி, தெரிஞ்சுது” என்று சலித்துக்கொண்டது போல. “ஆல்கெஸ்ஸும்னிதா” என்று சொல்லுங்கள். நமக்கு வேலை ஆக வேண்டும் என்றால் “ஹாசேயோ” (செய்யுங்கள்) வேண்டாம். ‘ஷி’ இருந்தாலும் அது கட்டளை. “ஹே ஜுஷிகெஸ்ஸொயோ?” (செய்து தருவீர்களா?) என்று கேள்வியாகக் கேளுங்கள். பெரியவரிடம் மன்னிப்புக்கு ‘மியான்ஹேயோ’ போதாது, ‘ஜ்வேசோங்ஹம்னிதா’ வேண்டும். நன்றிக்கு ‘கோமாவொயோ’வை விட ‘காம்சாஹம்னிதா’ பத்திரம்.

மாலையில் கிளம்பும்போது “சூகோ ஹாசேயோ” என்று சொல்வதைப் பற்றிக் கொரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ‘சூகோ’ என்றால் பட்ட பாடு. மேலே உள்ளவர் கீழே உள்ளவரின் உழைப்பைப் பாராட்டும் சொல் அது என்பது பழைய கட்சி. இளைஞர்கள் எல்லோரிடமும் சொல்கிறார்கள். வெளியாளாகிய நீங்கள் அந்தச் சண்டையில் இறங்க வேண்டாம். “நேஇல் பெப்கெஸ்ஸும்னிதா”, நாளை பார்க்கிறேன், என்று சொல்லிக் கிளம்புங்கள். ‘பார்க்கிறேன்’ என்பதற்கே இங்கே தாழ்மை வினைதான் வந்திருக்கிறது.

இன்னொன்று, கை. பேச்சு எவ்வளவு சரியாக இருந்தாலும் காகிதத்தை ஒற்றைக் கையால் நீட்டினால் கணக்கு நேராகாது. இரண்டு கையாலும் கொடுங்கள், வாங்குங்கள்.

அறிகுறி: பெரியவரிடம் சின்ன அதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது நாக்கு குழறுகிறது

கம்பெனித் தலைவரிடம், நமக்கு மேலே ஆனால் அவருக்குக் கீழே உள்ள குவாஜாங்நிம் வெளியே போயிருப்பதைச் சொல்ல வேண்டும். ‘ஷி’ போடலாமா? ஜப்பானிய மொழி படித்துவிட்டுக் கொரியத்துக்கு வருபவர்கள் இங்கே ரொம்பக் குழம்புவார்கள், ஏனென்றால் அங்கே வெளியாரிடம் பேசும்போது தன் மேலாளரையே தாழ்த்திச் சொல்வது வழக்கம். கொரியத்திலும் ‘ஆப்ஜோன்பொப்’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு: தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அப்பாவுக்கு மரியாதையைக் குறைத்துக்கொள்வது. அது வீட்டுக்கு உரியது, இன்று வீட்டிலும் தளர்ந்துவிட்டது. ராணுவம் 2016ல் அதைக் கைவிட்டது. அலுவலகத்தில் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு மேலே உள்ளவர் என்றால் யாரிடம் பேசினாலும் ‘ஷி’ போடுங்கள்.

அறிகுறி: நண்பன் விலகிப் போகிறான்

கோளாறு: மரியாதை கூடிவிட்டது.

ஒரு வருடம் பழகியவனிடம் இன்னமும் ‘ம்னிதா’ போட்டால், உன்னை நெருங்க விட மாட்டேன் என்று சொல்வதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். இதே கோளாறு சாப்பாட்டுப் பேச்சிலும் வரும். மேலாளரிடம் “ஷிக்சா ஹாஷ்யொஸ்ஸொயோ?” என்றால் சரியான அளவு. பாட்டிக்கு உரிய ‘ஜின்ஜி’ என்ற சொல்லை அலுவலகத்தில் எடுத்தால் ஏறக்குறைய “அமுது செய்தாயிற்றா?” என்று கேட்டது போல இருக்கும்.

மரியாதை விகுதி இல்லாத பேச்சுக்கு ‘பான்மால்’ என்று பெயர். அதற்கு மாறும் கதவைத் திறக்க வேண்டியவர் வயதில் பெரியவர். அதனால்தான் எந்த வருடம் பிறந்தாய் என்று சீக்கிரமே கேட்டுவிடுகிறார்கள். வம்புக்குக் கேட்பதில்லை, எந்த விகுதி போடுவது என்று தெரிந்தாக வேண்டும். ஒரே வருடம் என்றால் ‘தோங்காப்’, நட்பு பாதி முடிந்தது. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி வயதை உலக வழக்கப்படியே கணக்கிடுகிறார்கள், பிறந்ததும் ஒன்று என்ற பழைய கணக்கு போய்விட்டது. ஆனாலும் நண்பர்களுக்குள் பேச்சு இன்னும் பிறந்த வருடத்தை வைத்துத்தான் நடக்கிறது.

கடைசியாக ஒரு கண்ணி. மூத்தவர் ஒருவர் உங்களிடம் பான்மாலில் பேசத் தொடங்கினால் நீங்களும் மாற வேண்டும் என்று பொருள் இல்லை. அவர் இறங்கலாம், நீங்கள் ‘யோ’விலேயே நில்லுங்கள். “மால் பியொன்ஹாகே ஹே”, அதாவது சகஜமாகப் பேசு, என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகும் முதல் சில நாள் ‘யோ’ வந்துகொண்டே இருந்தால் குற்றமில்லை. அவர் இரண்டாம் முறை “அட, யோவை விடு” என்று சொல்லும்போது விட்டால் போதும்.